ஒரு இடத்தில் உட்காராத பிள்ளை

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது என்னைப் பற்றி எல்லோரிடமும் ஒரே புகார்தான் இருந்தது. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். வகுப்பு மிஸ் சொன்னார், டியூஷன் அக்கா சொன்னாள், எங்களை ஏற்றிப்போகும் ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். பெஞ்சில் ஒரு காலை மடித்துப் போட்டு, அந்தக் குதிகாலின் மேல் அழுத்தி உட்காருவேன். கொஞ்ச நேரத்தில் கால் மரத்துப்போகும். அடுத்த காலுக்கு மாறுவேன். அதுவும் சரிப்படாவிட்டால் எழுந்து நின்று, தொடைகளைப் பின்னிக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடியபடியே எழுதுவேன். "என்னடி, பெஞ்சுல எறும்பா?" என்பார் மிஸ். வகுப்பே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன். பக்கத்து வீட்டிலேயே குடியிருந்த என் அத்தை மட்டும் அதற்கு வேறு அர்த்தம் கண்டுபிடித்தாள். "இவளுக்கு டான்ஸு ஒடம்புலயே ஊறியிருக்கு. சேத்துவுட்டா பெரிய ஆளா வருவா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னாள். அதை நம்பி நானும் கொஞ்ச நாள் கண்ணாடி முன்னால் நின்று கையைக் காலை வளைத்துப் பார்த்தேன்.

உண்மையில் நான் அடக்கிக்கொண்டிருந்தேன். காலையில் ஆட்டோ ஏறியதிலிருந்து சாயங்காலம் வீடு வந்து சேரும்வரை ஒன்றுக்குப் போகாமல் தாக்குப்பிடிப்பதுதான் அந்த வருடம் நான் பார்த்த பெரிய வேலை. படிப்பெல்லாம் அதற்கு நடுவில் கிடைத்த நேரத்தில்தான்.

பள்ளிக்கூடத்துக் கொல்லையில் பெண்பிள்ளைகளுக்கு என்று இருந்த கக்கூஸ் கதவில் தாழ்ப்பாள் கழன்றுபோயிருந்தது. உள்ளே போகிறவள் ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தோழி ஒருத்தியை வெளியே காவலுக்கு நிறுத்த வேண்டும். ஒருநாள் நான் நிறுத்தியிருந்தவள் மணி அடித்ததும் ஓடிவிட்டாள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் சிலர் கதவைத் தள்ளித் திறந்தார்கள். அவர்கள் என்னை ஒன்றும் செய்யவில்லை. "அய்ய, ஆளு இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். கதவை மூடாமல் போனார்கள், அவ்வளவுதான். பாவாடையைச் சுருட்டிப் பிடித்தபடி அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்த நேரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பக்கமே போகவில்லை. தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று பாட்டிலைத் திறப்பதையும் விட்டேன். சாயங்காலம் அது ததும்பத் ததும்ப அப்படியே வீட்டுக்குத் திரும்பி வரும். யாரும் பார்ப்பதற்குள் செடிக்கு ஊற்றிவிடுவேன். எங்கள் வாசலில் இருந்த செம்பருத்தி அந்த வருடம் நன்றாகப் பூத்தது.

வீட்டிலும் வசதி ஒன்றும் பெரிதில்லை. பெரம்பலூரில் நாங்கள் இருந்தது லைன் வீடு. பின்பக்கம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு கக்கூஸ். காலையில் அதன் முன்னால் ஆட்கள் வாளியோடு நிற்பார்கள். நாம் போய் உட்கார்ந்த உடனே கதவைத் தட்டுவார்கள். "யாரு உள்ள? சட்டுனு வாங்க, பஸ்ஸு போயிடும்." அதற்குள் தெருமுனையில் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்துவார். வர இருந்தது திரும்பிப் போய்விடும். நானும் எழுந்து ஓடுவேன். இப்படியே போய் ஒரு கட்டத்தில் வருவதே நின்றுவிட்டது. ஒரு வேலை குறைந்தது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். பிறகு எப்போதாவது வந்தபோது உயிர் போகிற மாதிரி வலித்தது. வலிக்கும் என்று தெரிந்தபின் வந்தாலும் விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இவற்றில் எதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய விஷயம் என்றே எனக்குத் தெரியாது.

அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும், அங்கே உட்கார முடியாது. தம்பி நடக்கத் தொடங்கியதும் அவனை அத்தையிடம் விட்டுவிட்டு மறுபடியும் கடைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அப்பா டிப்பர் லாரி ஓட்டினார். அரியலூர்ப் பக்கத்துச் சுரங்கங்களிலிருந்து சுண்ணாம்புக்கல் ஏற்றிக்கொண்டு சிமெண்ட் ஆலைகளுக்குப் போவார். வீடு வந்து சேரும்போது அவர் கண்ணிமைகூட வெளுத்திருக்கும்.

அப்புறம்தான் ஜட்டியில் கறை படிய ஆரம்பித்தது. முதல் தடவை அம்மா ஒன்றும் சொல்லவில்லை, வயிறு சரியில்லை போலிருக்கிறது என்று அலசிப் போட்டாள். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே வாடை வீசுகிறது என்றாள் அத்தை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மிஸ்ஸிடம் எதையோ காதில் சொல்லிவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனாள். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. எப்போது நடந்தது என்றும் தெரியவில்லை. "வந்தா சொல்லத் தெரியாதா? இம்மாம் பெரிய புள்ள, தம்பிகூட சைகை காட்டுறான், ஒனக்கு என்ன கேடு?" என்று அம்மா முதுகில் வைத்தாள். கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, என் துணியைத் தனியாக ஊறவைத்துத் துவைக்க வேண்டியிருந்தது அவளுக்கு. "எனக்குத் தெரியலம்மா" என்று அழுவேன். அதைக் கேட்டால் அவளுக்கு இன்னும் கோபம் வரும். பொய் சொல்கிறேன் என்று இன்னொரு அடி விழும். கொஞ்ச நாளில் நானே கெட்டிக்காரியாகிவிட்டேன். கறைபட்ட ஜட்டியைச் சுருட்டி அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். அதைக் கண்டுபிடித்த நாளில் அம்மா அடிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்துக்கொண்டாள். அது அடியைவிட மோசமாக இருந்தது.

தம்பிக்கு மொட்டையடித்துக் காது குத்துவதற்குக் கல்லங்குறிச்சி கோவிலில் நாள் குறித்தது அந்தச் சமயத்தில்தான். எங்கள் குலதெய்வம் அந்தப் பெருமாள். புரட்டாசி கூட்டமெல்லாம் ஓய்ந்தபின் ஒரு சனிக்கிழமை, வேன் பிடித்து, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்துவதாகத் திட்டம். எனக்கு அரக்கு பார்டர் போட்ட பச்சைப் பட்டுப்பாவாடை தைத்திருந்தது. அம்மா கடையிலிருந்து துணி எடுத்துவந்து, தையற்காரரிடம் அளவுக்கு என்னை நிறுத்தியபோது நான் அங்கும் ஆடினேன். அவர் நாடாவை வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் சுற்றினார்.

விசேஷம் நெருங்க நெருங்க அத்தைக்குக் கவலை கூடியது. ஒருநாள் அம்மாவைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நாலு சனம் வர்ற எடம். ஒன் தம்பி பொண்டாட்டி வூட்டு ஆளுங்கல்லாம் வராங்க. பட்டுப்பாவாடயோட புள்ள அசிங்கம் பண்ணிட்டான்னு வையி, ஒன் மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்குவ?"

"அதுக்கு நான் என்னங்க அண்ணி பண்றது? அடிச்சும் பாத்துட்டேன்."

"வயித்தால போறது நிக்கிற மாத்திரை இருக்குல்ல, மெடிக்கல்ல கேட்டா குடுப்பான். ரெண்டு நாளு முன்னாடியே குடுத்துடு. கோவிலுக்குப் போயிட்டு வர்றவரைக்கும் வயிறு கட்டிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அம்மா உடனே சரி என்று சொல்லவில்லை. ஆனால் அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. தண்ணீராகக் கசிகிறது என்றால் வயிற்றுப்போக்கு, வயிற்றுப்போக்கு என்றால் நிறுத்துகிற மாத்திரை. வீட்டிலிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் கணக்கு சரியாகத்தான் வந்தது. மாத்திரையை உடைத்து, சர்க்கரையோடு ஸ்பூனில் கரைத்து எனக்கு ஊட்டினாள். வாழைப்பழத்தையும் கீரையையும் வயிற்றைக் கலக்கும் என்று நிறுத்தினாள். மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. ஜட்டி சுத்தமாக இருந்தது. அத்தை பெருமூச்சு விட்டாள். அம்மா என் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அம்மா என்னை அப்படிக் கொஞ்சியதால், வயிறு பலகை மாதிரி இருந்ததை நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் அத்தை எனக்கு மூன்று ஜட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுவிட்டாள். தண்ணீர் குடிக்கக் கூடாது என்றாள். அந்த உத்தரவு எனக்குப் புதிதில்லை என்பதால் சிரமமாக இல்லை. வேன் அரியலூர் ரோட்டில் ஏறியதும் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. முன்னாலும் டிப்பர், பின்னாலும் டிப்பர். பள்ளத்தில் இறங்கி ஏறும்போதெல்லாம் அடிவயிற்றில் ஏதோ இடித்தது. உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஜன்னல் பக்கம் நகர்ந்தேன், இறங்கி மாமா காலடியில் குந்தினேன், மறுபடியும் எழுந்தேன். "இந்தப் புள்ளைக்குப் பேட்டரி தீரவே தீராதா?" என்றார் மாமா. வேனே சிரித்தது. அம்மா தம்பியைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து எதிரே வந்த லாரிக்காரர்களுக்கெல்லாம் கையைத் தூக்கிக்காட்டினார்.

கோவிலில் இறங்கியதும் அம்மாவின் முந்தானையை இழுத்தேன். "ஒண்ணுக்கு வருதும்மா." கட்டணக் கழிப்பிடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மூன்று ஜட்டியையும் கழற்றிவிட்டுக் குந்தினேன். வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. முக்கினேன். ஒரு சொட்டு வந்தது, நின்றது. அம்மா வாசலிலேயே நின்றாள், யாராவது ஓடிவந்து தம்பிக்கு மொட்டையடிக்கக் கூப்பிடுவார்களோ என்கிற அவசரம் அவளுக்கு. "வரலைன்னா வா, அப்புறம் பாக்கலாம்." வெளியே வந்து செருப்பை மாட்டுவதற்குள் மறுபடியும் முட்டியது. திரும்பிப் போனோம். மறுபடியும் வரவில்லை.

மொட்டையடிக்கும் இடத்தில் தம்பி அலறிக்கொண்டிருந்தான். மாமா மடியில் அவனை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். சந்தனம் பூசிய தலையோடு இருந்தவனைச் சுற்றி எல்லோரும் கூடி, ஆசாரி ஊசியை எடுத்ததும் "அங்க பாரு யானை, அங்க பாரு காக்கா" என்று ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். நான் கூட்டத்துக்கு வெளியே சுவரோரமாக நடந்துகொண்டிருந்தேன். நின்றால் வலித்தது, குனிந்தால் இன்னும் வலித்தது. அதனால் நடந்தேன். அந்த மூலைக்குப் போய் இந்த மூலைக்கு வந்தேன். தம்பியின் காதில் ஊசி இறங்கிய நேரத்தில்தான் நானும் அழுதேன். அவன் குரல் பெரியது. என்னுடையது யாருக்கும் கேட்கவில்லை.

பந்தியில் உட்காரச் சொன்னபோது நான் நின்றுகொண்டே இருந்தேன். அத்தை கையைப் பிடித்து இழுத்து இலை முன்னால் அழுத்தினாள். உட்கார்ந்த வேகத்தில் நான் போட்ட சத்தத்தில் சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார்.

"தம்பிக்குப் பண்றாங்கன்னு இவளுக்குப் பொறாமை. நாடகம் போடுறா பாரு" என்றாள் அத்தை.

அம்மா தம்பியை மாமாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன். என் பாவாடையின் இடுப்பு இறுக்கமாக இருப்பதைப் பார்த்து நாடாவைத் தளர்த்தக் கையை உள்ளே விட்டாள். கை தொப்புளுக்குக் கீழே பட்டதும் அப்படியே நின்றுவிட்டது. மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். நான் கத்தினேன். அம்மாவின் முகம் மாறியதை அப்போதுதான் பார்த்தேன். கோபத்தில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது வேறு.

"ஏங்க! வண்டிய எடுங்க! புள்ளைக்கு வயிறு ஊதிப்போயி கிடக்கு!"

வேன் டிரைவர் பாயசத்தில் கை வைத்திருந்தார். அப்பா அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். அரியலூர் பக்கம்தான். ஆனால் அந்த ரோட்டை நான் அம்மாவின் மடியில் படுத்தபடி, வேனின் கூரையை மட்டும் பார்த்துக்கொண்டு கடந்தேன். அப்பா டிப்பர் ஓட்டுகிற மாதிரியே ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஓட்டினார். "கொஞ்சம் பொறுத்துக்கடா, வந்துட்டோம்டா" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு வந்தார். அம்மாவின் கை என் நெற்றியில் ஈரமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா தோளில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பையை நாற்காலியில் போட்டார். வயிற்றில் விரல்களை வைத்து மெதுவாக அழுத்திக்கொண்டே வந்தார்.

"மோஷன் போயி எவ்வளவு நாளாச்சு?"

"தெனமும் போவுதுங்க. தண்ணியா போயிக்கிட்டே இருந்துச்சு. துணியிலேயே போயிடுவா. ரெண்டு நாளாத்தான் நின்னுருக்கு."

"தானா நின்னுச்சா?"

அம்மா தயங்கினாள். "மாத்திரை குடுத்தோம்."

டாக்டர் அம்மாவின் கையைப் பிடித்து என் வயிற்றின் இடது பக்கம் வைத்தார். "இங்க தொட்டுப் பாருங்க. கட்டி கட்டியா இருக்குல்ல? எல்லாம் மலம். வாரக்கணக்கா போகாம உள்ளேயே இறுகிப்போயி அடைச்சுக்கிட்டு இருக்கு. அதோட ஓரமா தண்ணியாட்டம் இறங்குறதைத்தான் நீங்க போவுதுன்னு நெனச்சீங்க. அது போறது இல்லம்மா, கசியறது. நீங்க அதையும் நிறுத்திட்டீங்க. இப்ப அந்தக் கட்டி அழுத்தி யூரின் பையும் அடைச்சுருச்சு."

"துணியில போறப்ப சொல்லவே மாட்டாளுங்க. கேட்டா தெரியலைம்பா."

"தெரியாதும்மா. உள்ள அவ்வளவு விரிஞ்சு போச்சுன்னா வர்றதே பிள்ளைங்களுக்குத் தெரியாது."

"தெரியாதா?" என்றாள் அம்மா. டாக்டர் நர்ஸிடம் என்னென்னவோ எடுத்துவரச் சொல்லிக்கொண்டிருந்தார். "நெஜமாவே தெரியாதுங்களா? வேணும்னு பண்ணலையா?" என்று மறுபடியும் கேட்டாள். டாக்டர் தலையை மட்டும் ஆட்டினார். அம்மா என் முதுகைத் தடவிக்கொடுக்க ஆரம்பித்தாள். வயிறு வலிக்கிறவளுக்கு முதுகை ஏன் தடவுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

மெல்லிய குழாய் ஒன்றை வைத்து முதலில் ஒன்றுக்கு இறக்கினார்கள். வைத்தபோது வலித்தது. அதற்குப் பின் வந்த நிம்மதியை என்னால் இப்போதும் சொல்லில் கொண்டுவர முடியாது. அந்த வருடத்தில் முதன்முறையாக என் உடம்பில் எந்த இடமும் இறுகியிருக்கவில்லை. பிறகு எனிமா. அதை வர்ணிக்கப் போவதில்லை. அந்த நர்ஸ் அக்கா முகம் சுளிக்காமல், "நல்ல புள்ள, விடு, விடு, யாரும் வர மாட்டாங்க, கதவு பூட்டியிருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கதவு பூட்டியிருக்கிறதா என்று நான் எழுந்து போய் ஒருமுறை பார்த்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். சாயங்காலம் நான் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேன். அப்பா வாசலில் நின்று, நான் ஆடாமல் உட்கார்ந்திருப்பதை ஏதோ அதிசயம் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தார். "பள்ளிக்கூடத்துல பாத்ரூம் போவியா?" என்று கேட்டார். மாட்டேன் என்றேன். தாழ்ப்பாள் கதையைச் சொன்னேன். முதன்முதலாக ஒருவர் கேட்டதால் நிறையவே சொன்னேன். "சாயங்காலம் வரைக்கும் எப்படிடா அடக்கிக்கிட்ட?" என்றார் அவர். அதில் பாராட்டு இருப்பதாக எனக்குப் பட்டது. எனக்கு ஒரு குணம், பாராட்டினால் பெருமை முழுவதையும் நானே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

"எங்கம்மா என்னைவிட அடக்குவாங்க. கடைக்குப் போனா திரும்பி வர்ற வரைக்கும் போகவே மாட்டாங்க. தண்ணியும் குடிக்க மாட்டாங்க. வீட்டுக்கு வந்ததும் பையைக்கூட வைக்காம கொல்லைக்குத்தான் ஓடுவாங்க."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

"கடையில பாத்ரூம் இல்லையா?" என்றார் டாக்டர்.

"இருக்குதுங்க. மாடியில இருக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டுப் போவணும், அவரு ஆம்பளை. கஸ்டமரை விட்டுட்டு அடிக்கடி போனா ஒரு மாதிரியா பேசுவாங்க. தண்ணி குடிக்காம இருந்துட்டா போவ வேண்டியே இருக்காதுங்க." அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு என் போர்வையை மடிக்க ஆரம்பித்தாள்.

டாக்டர் என்னைப் பற்றிப் பேசினார். இனிப்பு மருந்து ஒன்று தருவதாகவும், சரியாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது, மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் தினமும் உட்காரவைக்க வேண்டும். அவசரப்படுத்தக் கூடாது. தண்ணீர், கீரை, பழம். "துணியில பட்டா அடிக்காதீங்க. திட்டவும் வேணாம். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்." அம்மா எல்லாவற்றுக்கும் சரிங்க, சரிங்க என்றாள். எல்லாம் முடிந்து டாக்டர் எழுந்தபோது, அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"இப்படி அடக்கிக்கிட்டே இருந்தா... போறப்ப எரியுங்களா? கொஞ்சம் செவப்பாகூட வருமா?"

டாக்டர் நின்றார். "யாருக்கு?"

அம்மா வாசலில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். "புள்ளைக்குத்தாங்க."

"எனக்கு எரியவே இல்லையே!" என்றேன் நான். செய்யாத தப்புக்கு நிறைய அடி வாங்கியவள் என்பதால், இல்லாத வியாதியையும் என் தலையில் கட்டுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. "செவப்பாவும் வரல. நர்ஸக்காவக் கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "நீங்க கீழ மெடிக்கல்ல போயி மருந்து வாங்கிட்டு வந்துடுங்க" என்றார். நர்ஸ் அக்காவிடம் என்னைக் கூட்டிப்போய் எடை பார்க்கச் சொன்னார். நேற்றுத்தான் பார்த்தார்கள் என்று சொன்னேன். பயனில்லை. எனக்கு வந்த வியாதியைப் பற்றிப் பேச என்னையே வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துகிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. எடை மெஷினில் ஏறி நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா வெளியே வரும்போது முகம் கழுவியிருந்தாள்.

ஊருக்கு வந்தபின் எங்கள் வீட்டில் நிறைய மாறியது. காலையில் என்னை எல்லோருக்கும் முன்னால் எழுப்பிக் கக்கூஸுக்கு அனுப்பினார்கள். குந்தினால் கால் வலிக்கும் என்று, நான் உட்கார அப்பா ஒரு மர ஸ்டூலில் ஓட்டை போட்டு, கால் வைக்கப் பலகை ஒன்றும் அடித்துக் கொடுத்தார். நான் உள்ளே இருக்கும்போது யாராவது கதவைத் தட்டினால் அத்தை அவர்களோடு சண்டைக்குப் போனாள். "புள்ள இருக்கு உள்ள, ஒன் பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு வரும்!" மாத்திரை யோசனை தன்னுடையது என்பதை அத்தை யாரிடமும் மறைக்கவில்லை, அதைப் பற்றி யாரிடமும் பேசவும் இல்லை. எனக்குத் தினமும் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்தாள். அப்பா ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூ டிரைவரும் புதுத் தாழ்ப்பாளுமாகப் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டார். ஹெட்மிஸ்ட்ரஸ் முதலில் முறைத்தார், பிறகு பையன்கள் பக்கத்துக் கதவும் அப்படித்தான் இருக்கிறது என்றார். அப்பா அதற்கும் ஒன்று வாங்கிவந்து மாட்டினார். இருந்தாலும் நான் அங்கே போகப் பல நாள் ஆனது. சரியாகி வந்தது, மறுபடியும் கறை பட்டது, மறுபடியும் சரியானது. அம்மா ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அடிக்கக் கை எழும்பியதை மட்டும் ஒரே ஒருமுறை பார்த்தேன். அந்தக் கையால் தன் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் வாரத்தில் என்னைப் பாடாய்ப் படுத்தியது வேறொன்று. அம்மா கொண்டுவந்த பையில் என் இனிப்பு மருந்தோடு ஒரு மாத்திரை அட்டையும் இருந்தது. மஞ்சளும் கறுப்புமாக, பெரிது பெரிதாக இருந்தன மாத்திரைகள். டாக்டர் மாத்திரையைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டுப் பேசியது இதைத்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவ்வளவு பெரிய மாத்திரையை எப்படி விழுங்கப் போகிறேன் என்று தொண்டை இப்போதே அடைத்தது. ஒவ்வொரு காலையும் அம்மா அலமாரிப் பக்கம் போகும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் இனிப்பு மருந்தை மட்டும் மூடியில் ஊற்றிக் கொடுப்பாள். மாத்திரையை எடுக்க மாட்டாள். ஆனால் சாயங்காலம் நாற்காலி போட்டு ஏறிப் பார்த்தால் அட்டையில் ஒன்று குறைந்திருக்கும். அடுத்த நாள் இன்னொன்று.

நான் ரொம்ப யோசித்தேன். கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். நான் விழுங்கக் கஷ்டப்படுவேன் என்று, எனக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை அம்மா தினமும் ஒவ்வொன்றாகப் பிரித்து எங்கேயோ எறிந்துவிடுகிறாள். அப்பா கேட்டால் காட்டுவதற்குக் காலி அட்டை வேண்டும் அல்லவா? இப்படி எனக்காக டாக்டரையும் அப்பாவையும் ஏமாற்றத் துணிந்த அம்மாவின் மேல் எனக்கு அன்று வந்த பாசத்துக்கு அளவே இல்லை. அவளைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, அந்த அட்டையைப் பற்றி நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.